படகு நின்றால் பானை நிற்கும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

'போர்க்காலத்தில் உணவு' என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். புதுமடத்துக்காரருக்கு எதற்குய்யா இந்தத் தலைப்பு என்று சிலர் நினைக்கலாம். கடற்கரை ஊர்க்காரனுக்கு இது சீக்கிரமே புரியும். வள்ளம் கடலுக்குப் போகாத நாளில் அடுப்பு எப்படி எரியும் என்று நம்ம வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். போரிலும் அதே கணக்குதான். அரிசி தீர்வதற்கு முன்னால் அரிசி வரும் வழி அடைபட்டுவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அதுவரை பர்மா அரிசி கப்பல் கப்பலாக வங்காளத்துக்கும், சென்னை மாகாணத்துக்கும், இலங்கைக்கும் வந்துகொண்டிருந்தது. அது நின்றது. இங்கே பங்கீடு வந்தது. கடை வாசலில் வரிசை வந்தது. இன்றைக்கு நம்ம கையில் இருக்கிற ரேஷன் கார்டுக்கு மூலம் அந்த யுத்தம்தான்.

வங்காளத்தில் நடந்தது இன்னும் கொடுமை. ஜப்பானியர் வந்தால் படகுகள் அவர்களுக்குப் பயன்படக்கூடாது என்று 1942-ல் ஆங்கிலேய அரசு கரையோர மாவட்டங்களில் பல்லாயிரம் படகுகளைப் பறித்தது, உடைத்தது. ஆறும் கழியுமாக இருக்கிற நாட்டில் படகு போனால் என்ன மிச்சம்? மீனவன் மீன் பிடிக்க முடியவில்லை. நெல் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போக முடியவில்லை. பட்டாளத்துக்கும் கல்கத்தா ஆலைத் தொழிலாளர்களுக்கும் அரிசி முதலில் ஒதுக்கப்பட்டது, விலை ஏறியது, கிராமத்துக் கூலிக்காரரும் மீனவரும் பட்டினி கிடந்தார்கள். 1943 பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் பேர் என்பது அமர்த்தியா சென்னின் மதிப்பீடு. நாட்டில் அரிசியே இல்லாமல் போனதால் வந்த சாவு இல்லை இது, அதை வாங்கும் சக்தி ஏழைகளிடம் இல்லாமல் போனதுதான் காரணம் என்று 1981-ல் அவர் எழுதிய நூல் விளக்குகிறது.

சரி, சிப்பாய்க்காவது வயிறு நிறைந்ததா? 1944-ல் இம்பாலை நோக்கிப் புறப்பட்ட ஜப்பானியப் படை சுமார் மூன்று வாரச் சாப்பாட்டைத்தான் கட்டிக்கொண்டு போனது. எதிரியின் கிடங்கைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது தளபதியின் கணக்கு. கூடவே மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். கிடங்கு கிடைக்கவில்லை, மழை வந்தது, மலைப்பாதை அடைபட்டது. அவர்களோடு போன இந்திய தேசிய ராணுவத்தாரும் காட்டுக் கீரையைத் தின்னும் நிலைக்கு வந்தார்கள். மலேயாத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் பலர் நேதாஜியின் அந்த ராணுவத்தில் சேர்ந்திருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. இம்பாலுக்குள் சிக்கிய ஆங்கிலேயப் படைக்கோ சாப்பாடு விமானத்தில் வந்தது. வழி வைத்திருந்தவன் நின்றான். வழி இல்லாதவன் விழுந்தான்.

இப்போது நம்ம கடலுக்கு வருகிறேன். 1987-ல் யாழ்ப்பாணம் முற்றுகையில் இருந்தது. ஜூன் 3-ஆம் தேதி, சுமார் 20 படகுகள் உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு, செஞ்சிலுவைக் கொடியோடு ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பின. இலங்கைக் கடற்படை மறித்தது. படகுகள் திரும்பி வந்தன. மறுநாள் இந்திய விமானப்படையின் ஐந்து விமானங்கள் சுமார் 25 டன் பொருள்களை யாழ்ப்பாணத்தின் மேல் போட்டுவிட்டு வந்தன. உலகமே அந்த விமானங்களைப் பற்றிப் பேசியது. ஆனால் 25 டன் என்பது ஒரு குடாநாட்டுக்கு எத்தனை வேளைக்கு வரும்? விமானம் செய்தி சொல்லும். ஊருக்குச் சோறு போட கப்பலும் படகும்தான் வேண்டும்.

2009-ல் வன்னியில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. முல்லைத்தீவுக் கரையில் மக்கள் ஒரு துண்டு நிலத்துக்குள் நெருக்கப்பட்டிருந்தார்கள். பிப்ரவரி முதல் மே தொடக்கம் வரை செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் காயம்பட்டவர்களை ஏற்றிப் போனது. கொஞ்சம் உணவும் கொண்டுவந்தது. உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கையை அரசு வேண்டுமென்றே குறைத்துச் சொன்னது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் எழுதியது. தலையை எண்ணுவதில் குறை வைத்தால் அரிசியிலும் குறை வரும். அந்த மக்களுக்குக் கிடைத்தது அரிசி, தண்ணீர், உப்பு சேர்ந்த கஞ்சி. இன்று ஒவ்வொரு மே மாதமும் 'முள்ளிவாய்க்கால் கஞ்சி' என்று அதைக் காய்ச்சிப் பகிர்ந்து நினைவுகூர்கிறார்கள். ரமலானில் பள்ளிவாசலில் பருப்பும் பூண்டும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய நோன்புக் கஞ்சியைக் குடிக்கிற நமக்கு அந்தக் கஞ்சியின் பொருள் உறைக்க வேண்டும். நம்ம பசிக்கு மஃக்ரிப் வரை கெடு உண்டு. அவர்களுடைய பசிக்குக் கெடு தெரியாது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கையாளக்கூடாது என்று ஜெனிவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறைகள் சொல்கின்றன. ஐ.நா. பாதுகாப்புச் சபை 2018-ல் 2417-ஆம் தீர்மானத்தில் அதைக் கண்டித்தது. காகிதம் வந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்கும் குரல்தான் போதவில்லை.

வழி திறந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே கடல் காட்டியிருக்கிறது. 2022-ல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பவுடரும் மருந்துகளும் அறிவித்தது. மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் போனது. யாரும் மறிக்கவில்லை. 1987-ல் இருந்த அதே கடல், அதே அண்டை நாடு. மாறியது அனுமதி மட்டுமே.

தம்பி, தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மண்டபம் முகாம் நம்ம பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே இருக்கிற பெரியவர்களிடம், பர்மாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். 'அப்போ என்ன சாப்பிட்டீங்க, எந்த வழியா வந்துச்சு, எப்போ நின்னுச்சு?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிறபடியே, தேதியும் ஊரும் போட்டு எழுதுங்கள். எழுதியது நம்ம கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். நாளைக்கு யாராவது 'அங்கே பசியே இல்லை' என்று சொன்னால், எடுத்துக் காட்ட ஒரு நோட்டுப் புத்தகமாவது நம்மிடம் இருக்க வேண்டும்.