நமக்குன்னு ஒரு கூரை
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



போன மாசக் கூட்டம் எங்கே நடந்ததுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மழை வந்ததும் கோயில் வாசலில் இருந்து ஒரு அக்கா வீட்டுத் திண்ணைக்கு ஓடினோம். பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடுற சத்தம். கடன் கேட்டு வந்த ஒரு தங்கச்சி, தன் கஷ்டத்தைத் தெருவே கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல மனசில்லாமல் எழுந்து போயிட்டா. அன்னைக்குத்தான் சொந்தக் கட்டடம் பற்றிப் பேச்சு வந்தது. "நம்மனால ஆகிற காரியமா அது?" என்று சிலர் கேட்டீங்க. அதுக்குப் பதிலாக இரண்டு ஊர்க் கதை சொல்றேனுங்க.

முதல் கதை மலேசியாவில் நடந்தது. அங்கே ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் ஜனங்கள். 1957இல் நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில், வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலை போனால் வீடும் போச்சு. குடியிருந்த லயமும் தோட்டத்தோடது. அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன், தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு 100 வெள்ளி. மாசம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றையக் கூலிக்கு அது பெரிய தொகை. ஆனாலும் கட்டினார்கள். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். இன்றைக்கு அந்தச் சங்கத்துக்குக் கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்ற சொந்தக் கட்டடம் இருக்கிறது. அங்குள்ள சோமா அரங்கத்தில் தமிழ்ப் புத்தக வெளியீடும் கூட்டமும் நடக்குது.

இரண்டாவது கதை அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில். மெக்சிகோ முதலிய ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழி வந்தவர்களை அங்கே லத்தீனோ என்பார்கள். அவர்கள் ஆங்கிலம் படித்துவந்த வகுப்புக்குப் பண உதவி நின்று போனது. பீக்கன் ஹில்லில் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தை, 1972 அக்டோபர் 11 அன்று, பார்க்கப் போவதாகச் சொல்லி உள்ளே போனார்கள். திரும்ப வெளியே வரவில்லை. ராபர்ட்டோ மேஸ்தாஸ் என்ற ஆசிரியர் முன்னே நின்றார். கறுப்பினத்தார், பூர்வகுடிகள், ஆசியர்கள் என எல்லாரும் துணைக்கு வந்தார்கள். குளிர் காய வசதியில்லாத கட்டடத்தில் மாதக்கணக்கில் தங்கி, நகர மன்றத்தையும் விடாமல் கேட்டார்கள். கடைசியில் வருசத்துக்கு ஒரு டாலர் வாடகைக்கு இடம் கிடைத்தது. எல் சென்ட்ரோ டி லா ராசா என்று பேர் வைத்தார்கள். எல்லா இனத்தாருக்குமான மையம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். இன்றும் நடக்குது.

பூட்டை உடைக்கச் சொல்லலைங்க, பயந்துக்காதீங்க! ஒருத்தர் சேர்த்து வாங்கினார்கள். ஒருத்தர் கேட்டு வாங்கினார்கள். இரண்டு இடத்திலும் கட்டடத்துக்கு முன்னாடி ஜனங்கள் ஒன்று சேர்ந்தார்கள். நம்மகிட்ட அது ஏற்கெனவே இருக்குது. சேர்க்கவும் தெரியும், கேட்கவும் தெரியும்.

அதனால் இரண்டு தீர்மானம் வைக்கிறேன். ஒன்று, அடுத்த மாசத்திலிருந்து சந்தாவோடு ஆளுக்கு 10 ரூபாய் கட்டட நிதி. அதுக்குத் தனிப் பாஸ்புக். ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கை வாசிக்கணும். உள்கடனுக்குக்கூட அதைத் தொடக்கூடாது. இரண்டு, பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடம் ஒன்றை நமக்கு ஒதுக்கச் சொல்லி எல்லாக் குழுவும் கையெழுத்துப் போட்டு மாநகராட்சியில் மனுக் கொடுக்கணும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கணும். மனுவுக்கு ரசீது வாங்கணும். பதில் வரும்வரை முறை வைத்துப் போய்க் கேட்கணும்.

அன்னைக்கு எழுந்து போன தங்கச்சி இங்கேதான் உட்கார்ந்திருக்கா. கதவைச் சாத்திட்டு, அவ மெதுவாப் பேசினாலும் நம்ம காதில் விழுகிற ஒரு அறை வேணும். அது போதுமுங்க.