மரக்கறி வேற, சைவம் வேற

(ஸ்காபரோவில் நடந்த எங்கள் படிப்பு வட்டத்தில் தோழர் ஒருவர் கதைத்ததன் எழுத்து வடிவம். கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)



பின்னால மேசையில இருக்கிற மட்டன் ரோல்ஸ் பெட்டியை எல்லாரும் பார்த்திருப்பீங்கள். சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கோ, ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா வாடகை பற்றிக் கதைச்சாலும் சரி, காணி பறிப்பைப் பற்றிக் கதைச்சாலும் சரி, எங்கட கூட்டத்தில சாப்பாடு எண்டா ரோல்ஸ், கொத்துரொட்டி, சோடா. இதை மாத்துறதா இல்லையா எண்டு இண்டைக்கு ஒரு முடிவு கேட்கத்தான் வந்திருக்கிறன்.

முதல்ல உடம்பு. ஹமில்ற்றன், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் தெற்காசிய, சீன, ஐரோப்பியப் பின்னணி உள்ள மக்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2000-இல் லான்செட் இதழில் வந்தது. இதய நோய் தெற்காசியரிடம்தான் கூட. 2010-இல் ஒன்ராறியோக் குடிவரவாளர்களைப் பற்றி வந்த இன்னொரு ஆய்வில், மேற்கு ஐரோப்பாவிலயும் வட அமெரிக்காவிலயும் இருந்து வந்தவர்களை விட எங்கட பக்கத்து ஆக்களுக்கு நீரிழிவு இருக்கிற வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல. இங்க இருக்கிற எத்தினை பேற்ற வீட்டில 'சீனி வருத்தம்' இல்லை, சொல்லுங்கோ பாப்பம்?

"அது எங்கட பரம்பரை" எண்டு சொல்லிப்போட்டு விடுறது லேசு. பரம்பரைக்கும் பங்கிருக்கு. ஆனா இரவு வேலை, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வாறது, பத்து மணிக்கு ரேக்கவுட் சோறு, இதெல்லாம் பரம்பரை இல்லை.

2019-இல் கனடா அரசு புது உணவு வழிகாட்டியை வெளியிட்டது. தட்டில அரைவாசி மரக்கறியும் பழமும், கால்வாசி தீட்டாத தானியம், கால்வாசி புரதம். அந்தப் புரதத்திலயும் பருப்பு, கடலை, பயறு போன்ற தாவர உணவை அடிக்கடி எடுங்கோ எண்டு சொல்லுது. பாலுக்கு இருந்த தனிப் பிரிவும் போயிற்றுது. இதைக் கேட்ட உடனே எங்கட பெரியாக்கள் "நாங்கள் வெள்ளிக்கிழமையில சைவம்தானே" எண்டுவினம். அந்த வெள்ளிக்கிழமைத் தட்டைக் கொஞ்சம் பாருங்கோ. வெள்ளைச் சோறு ஒரு மலை. பொரிச்ச கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், மோர்மிளகாய், வடை, பாயாசம். மச்சம் இல்லைத்தான். சீனி ஏறாதெண்டு ஆர் சொன்னது?

இதில எனக்கு முக்கியமான இன்னொரு விஷயம் இருக்கு. 'சைவம்' எண்ட சொல் யாழ்ப்பாணத்தில சும்மா சாப்பாட்டுச் சொல் இல்லை. ஆர் சுத்தம், ஆர் அசுத்தம், ஆற்ற வீட்டில தண்ணி குடிக்கலாம் எண்டு பிரிச்ச சொல். 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போன தோழர்கள், அதுக்குப் பிறகு தேநீர்க்கடைகளுக்குள்ள போய் இருந்து தேத்தண்ணி கேட்டவர்கள், 1968-இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில நிண்டவர்கள், எல்லாரும் இந்தச் சுத்தத்துக்கு எதிராத்தான் அடி வாங்கினவை. இந்தியாவில மாட்டிறைச்சியின்ர பேரில மனிசரை அடிச்சுக் கொல்லுறதும் இதே சுத்தம்தான். அதால மாட்டிறைச்சியோ கருவாடோ சாப்பிடுற ஆரையும் கீழ பாக்கிற 'தாவர உணவு' எனக்கு வேண்டாம். நான் கேக்கிறது மரக்கறியும் பருப்பும் கூட, இறைச்சியும் வெள்ளை மாவும் குறைய. அவ்வளவுதான்.

கொத்துரொட்டியைத் தொட்டால் "எங்கட பாரம்பரியம்" எண்டு சண்டைக்கு வாற தோழர்களும் இருக்கினம். இலங்கையில கோதுமை விளையிறதில்லை. இரண்டாம் உலகப் போரில பர்மா அரிசி நிண்டபோதுதான் கோதுமை மா பங்கீட்டுக்குள்ள பெரிசா வந்தது. பிறகு பிஎல் 480 திட்டத்தில அமெரிக்க மா, 1980-இல் இருந்து திருகோணமலை பிறீமா ஆலை. அதுக்கு முன்னால இருந்த குரக்கன் பிட்டு, ஒடியல் மா, பயறு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல் எல்லாம் ஏழையள்ற சாப்பாடாகிப் போச்சுது. 90களில பொருளாதாரத் தடைக்குள்ள இருந்தவைக்கு அது பட்டினியின்ர ருசியும்கூட. அந்த ஞாபகத்தை நாங்கள் ஆரோக்கிய விளம்பரமாக்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கை: ஊரில அம்மா வைக்கிற மைசூர்ப் பருப்பில ஒரு பங்கு இங்க சஸ்காச்சுவானில விளையிறது. உலகத்திலயே பருப்பு கூட ஏற்றுமதி செய்யிற நாடு கனடா. இறைச்சியை விட மலிவு, நிலத்துக்கு நைதரசனும் குடுக்குது.

இறைச்சித் தொழிலைப் பற்றித் தெரியாதவை 2020-ஐ நினைச்சுப் பாருங்கோ. அல்பேர்ட்டாவில ஹை ரிவர் கார்கில் ஆலையில 900-க்கும் கூடின தொழிலாளருக்குக் கொவிட் வந்தது; கனபேர் பிலிப்பைன்ஸ் குடிவரவாளர். அதுக்காக மரக்கறி புனிதமெண்டும் நினைக்காதேங்கோ. அதே வருசம் ஒன்ராறியோப் பண்ணைகளில வேலை செய்த 3 மெக்சிக்கோத் தொழிலாளர் கொவிட்டால செத்தவை. 1966-இல் ஜமேக்காத் தொழிலாளரோட தொடங்கின பருவகாலத் திட்டத்தில வாறவை இண்டைக்கும் ஒரே முதலாளியோட கட்டுப்பட்டுத்தான் இருக்கினம். லெமிங்ரன் தக்காளியும் அந்தக் கைகளாலதான் வருது.

கடைசியா, ஆர் சமைக்கிறது? கீரை ஆயிறது, பயறு ஊறவைக்கிறது, தேங்காய் துருவுறது. ரேக்கவுட் அம்மாக்களுக்குக் குடுத்தது ஒரு மணித்தியால நித்திரை. அதைப் பறிச்சுப்போட்டு "வீட்டில ஆரோக்கியமாச் சமையுங்கோ" எண்டு சொல்லுற ஆம்பிளைத் தோழர்கள் முதல்ல வெங்காயம் உரிக்கப் பழகட்டும்.

அதால என்ர பிரேரணை இது. அடுத்த மூண்டு கூட்டத்துக்கு நாங்களே சேர்ந்து சமைப்பம். சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு அளவா, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு இலைச் சம்பல், சோடாவுக்குப் பதில் தண்ணி. ரோல்ஸுக்குக் குடுக்கிற காசு இதுக்குத் தாராளமாக் காணும். சமையல் முறை எழுதி ஒட்டுவம். ஆண்கள் முதல் சுற்று.

வீட்டில மாத்தப் போறவைக்கு இரண்டு எச்சரிக்கை. முட்டை, பால், மீன் எல்லாத்தையும் விடுறவை பி12 குளிசை எடுக்கத்தான் வேணும். மெற்ஃபோமின் கனகாலம் எடுக்கிற அப்பா அம்மாவுக்கும் பி12 குறையலாம், இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கோ. இன்சுலின் போடுறவை மருத்துவரிட்டக் கேக்காமல் சோத்தைத் திடீரெண்டு குறைச்சால் சீனி ஆபத்தா இறங்கும்.

சரி, பெரிய சட்டி ஆரிட்ட இருக்கு? கையைத் தூக்குங்கோ.