தலைவிதியும் காலேஜ் படிப்பும்



பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னவுடன் நம் வீடுகளில் நடக்கும் முதல் காரியம் என்ன? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறார்கள். அவன் பூர்வஜென்ம பாவம் என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் பறித்துக் கொள்ளுகிறான். நம்மவர்களை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை. 1943-ல் லியோ கானர் என்கின்ற டாக்டர் அமெரிக்காவில் இதைப்பற்றி விவரமாக எழுதிய பிறகும், மெத்தப் படித்த மேனாட்டார் சிலர், தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று வெகுகாலம் பேசி வந்தார்கள். (பழி எங்கு சுற்றினாலும் கடைசியில் பெண்ணின் தலையில்தானே வந்து விழும்!) பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர், தாமே அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தகப்பனார், 1964-ல் புஸ்தகம் எழுதி அந்தக் கூற்றை மறுத்தார். மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம் என்பதுதான் ஆராய்ச்சியில் கண்டது.

சரி, ஜோசியனைத் தாண்டி ஒரு பிள்ளை காலேஜ் வாசலுக்கு வந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே "தகுதி, திறமை" என்னும் நமது பழைய நண்பர் நிற்கிறார்! பரீட்சையில் கூடுதல் நேரம் கொடுத்தால் தகுதி கெட்டுப்போகுமாம். வகுப்புவாரி உரிமை கேட்ட நாள் முதல் இதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துப் போய்விட்டது.

நான் அறிந்த ஒரு மாணவன், கணக்கில் உபாத்தியாயரையே திருத்தக் கூடியவன். பரீட்சையன்று காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஹாலை மாற்றிவிட்டார்கள். தலைக்கு மேல் மின்விசிறியின் கடகட சத்தம்; ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். பையன் காதைப் பொத்திக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தான். அன்று பரீட்சித்தது அவன் கணக்கையா, காதையா? முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை என்று வாய்மொழிப் பரீட்சையில் மார்க்கைக் குறைக்கும் உபாத்தியாயர்களும் இருக்கிறார்கள். விடை வாயிலிருந்து வருகிறதா, கண்ணிலிருந்து வருகிறதா என்று அவர்களைக் கேட்கிறேன்.

இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் செலவு இல்லை. சத்தமில்லாத ஓர் அறை வேண்டும். மாறுதல் எதுவானாலும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். ஹாஸ்டலில் கேலி செய்கிறவனை அடக்கி வைக்க வேண்டும்.

1995-ம் வருஷச் சட்டத்தில் ஆட்டிசத்தின் பெயரே கிடையாது. 2016-ம் வருஷச் சட்டம்தான் அதைச் சேர்த்தது. சர்க்கார் காலேஜுகளிலும் சர்க்கார் உதவி பெறும் காலேஜுகளிலும், 40 சதவிகிதத்துக்குக் குறையாத ஊனமென்று சான்று பெற்ற எல்லா வகையினருக்குமாகச் சேர்த்து 100-க்கு 5 இடத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்கிறது. பரீட்சைக்குக் கூடுதல் நேரமும் அதிலேயே எழுதியிருக்கிறது.

ஆகவே தோழர்களே, நாளைக்கே உங்களூர்க் காலேஜ் பிரின்ஸ்பாலிடம் போய், அந்தச் சத்தமில்லாத அறை எது என்று கேளுங்கள். அவர் "பாவம்..." என்று ஆரம்பித்தால், பாவத்தை ஜோசியனிடம் விட்டுவிட்டோம், அறையின் சாவியைக் கொடுங்கள் என்று சொல்லுங்கள்.