வீட்டுக்குள் ஓர் உழவாரப் பணி

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

"குறைந்த செலவில் தேகாரோக்கியம்" என்னும் பொருளில் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டபோது, அதற்கு நான் தகுதியுடையவன்தானா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. மிஷன் பாடசாலையிற் படித்தவன் ஆகையால் தேகாப்பியாசம் எனக்குக் கைவந்த கலையாக இருக்கும் என்று அவர் எண்ணினார் போலும். காலையில் மணியடித்ததும் வரிசையாக நின்று கைகளை மேலே தூக்கி இறக்கியது உண்மைதான். பாடசாலையை விட்ட நாளோடு அந்தக் கைகள் இறங்கியபடியே நின்றுவிட்டன என்பதும் உண்மை. பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில் மூன்று மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கிற்று. இருபத்திரண்டு வயதில் இது வெட்கப்பட வேண்டிய செய்தி அல்லவா?

வெட்கம் வந்ததும் நான் செய்த முதல் வேலை பணத்தைச் செலவழித்ததுதான். யந்திரங்கள் நிறைந்த ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் மூன்று மாதத்துக் கட்டணத்தை ஒன்றாகக் கட்டினேன். பதினொரு நாள் போனேன். நிலையத்தில் யாதொரு குறையும் இல்லை, குறை என்னிடத்திலேதான். ஆனால், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அரிசிக்கும் பால்மாவுக்கும் கணக்குப் பார்க்கப் பழகிப்போன வீடு எங்களது. அந்தப் பணத்தை அம்மா ஒரு முறைதான் நினைவூட்டினார். அந்த ஒரு முறையே போதுமானதாயிருந்தது.

உடல்நலத்துக்கு உண்மையில் எவ்வளவு உழைப்புத் தேவை? உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர் ஒருவர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாளாவது செய்யவேண்டும். மிதமான உழைப்பு என்பது, பேசலாம் ஆனால் பாடமுடியாது என்ற அளவுக்கு மூச்சு வருவது. 2010ஆம் ஆண்டின் வழிகாட்டலில், ஒரு முறைக்குத் தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்யவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2020இல் அவ்விதியை நீக்கிவிட்டனர். ஐந்து நிமிடம் முற்றம் கூட்டினாலும் அது கணக்கிற் சேரும் என்பதே இதன் கருத்து.

இதைக் கேட்டுச் சகோதரிகள் சிலர் சிரிக்கின்றீர்கள். சிரிப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அந்த 150 நிமிடத்தை நீங்கள் திங்கட்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் இடையிலேயே முடித்துவிடுகின்றீர்கள். உழைப்பைத் தேடிக் காசு கொடுத்துப் போகின்றவர்கள் நாங்கள்தான். நம் பாட்டனார்கள் துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தார்கள். பாட்டிமார் உரலில் மா இடித்தார்கள். ஆகவே நோயின்றி வாழ்ந்தார்கள் என்று மேடைகளிற் சொல்வது வழக்கம். அவ்வழக்கத்தை நான் பின்பற்றப் போவதில்லை. மா இடித்த பெண்களின் முதுகுவலியை எவரும் கணக்கெடுக்கவில்லை. நீர்ப்பம்பி வந்தது நல்லதே. பம்பி மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தை நாம் எங்கே கொண்டுபோய் வைத்தோம் என்பதுதான் என் கேள்வி.

தசைப் பயிற்சிக்கும் யந்திரம் வேண்டியதில்லை. ஒன்றரை லீற்றர் வெறும் போத்தலில் நீர் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ எடை. உலர்ந்த மணல் நிரப்பினால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. பிள்ளையார் சந்நிதியில் நாம் அவசரமாக மூன்று முறை போடும் தோப்புக்கரணத்தை, முழங்கால் நன்றாக மடிய, மெதுவாகப் பதினைந்து முறை போட்டுப் பாருங்கள். மறுநாட் காலையில் தொடைகள் உங்களுடன் பேசும். வயதானோருக்குக் கதிரையில் இருந்து எழும்பி மீண்டும் இருப்பதே நல்ல பயிற்சி. சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளுக்கு வேண்டியது ஒரு பாயின் நீளமும் அகலமுமான இடம் மாத்திரமே.

அந்த இடந்தான் எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

பாயைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுவதும் சுற்றினேன். விறாந்தையில் காலொடிந்த கதிரைகள் இரண்டும் ஓடாத துவிச்சக்கர வண்டி ஒன்றும். நடு அறையில், அலுமாரிக்கு மேலே பெட்டிகள், அலுமாரிக்குப் பக்கத்திற் பத்திரிகைக் கட்டுகள், கட்டிலுக்குக் கீழே பால்மாப் பேணிகள், போத்தல்கள், பிடியற்ற குடைகள். சாமியறையில்கூடப் பழைய நாட்காட்டிப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. எந்தச் சுவாமி எதற்குப் பின்னால் நிற்கின்றார் என்பது அவருக்கே வெளிச்சம். குசினிக்குப் பின்னாற் கோடிப்பக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்று பாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். என் சோம்பலுக்கும் அது வசதியாயிருந்தது.

அதன்பின் மாரி வந்தது. தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள் என்பதைப் பாடத்திற் படித்திருந்தேன். ஆனால் தங்கையின் இரத்தத்திற் குருதிச் சிறுதட்டுகள் எத்தனை என்று காலையும் மாலையும் தாதியிடம் கேட்டு நின்றபோதுதான் எண் என்பது என்னவென்று எனக்கு விளங்கிற்று. அவள் வைத்தியசாலையில் இருக்கையிற் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வளவுக்கு வந்தார். கோடிப்பக்கத்திற் பழைய தகரங்களுக்குக் கீழே ஒரு தயிர்ச்சட்டி. அதற்குள் நான்கு விரல் மழைத்தண்ணீர். அவர் மின்சூளை ஒளியைக் காட்டினார். தண்ணீருக்குள் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. தண்ணீரை ஊற்றிவிட்டாற் போதாது, சட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும் என்றார். டெங்கு நுளம்பின் முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். மறுமழை விழுந்ததும் பொரிக்குமாம். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதற் பத்து நாட்கள் வரை செல்லும். ஆதலால் வாரத்திற்கு ஒருமுறை வளவைச் சுற்றிப் பார்ப்பது அவசியம்.

தங்கை சுகமாகி வீடு வந்தாள். அன்று மாலையே எல்லாவற்றையும் அள்ளி எறிவது என்று நான் கோடிக்குப் போனேன். அம்மம்மா எனக்கு முன்னே வந்து நின்றார்.

"ராசா, தண்ணியை ஊத்து. பேணியளை எறியாதை."

கோபத்தில் நான் ஏதோ சொல்லிவிட்டேன். அச்சொற்களை இங்கே சொல்ல விரும்பவில்லை. அம்மம்மா பதில் பேசாமல் திண்ணையிற் போயிருந்தார். இரவு சாப்பாட்டுக்குப் பின்னர், தாமாகவே சொல்லத் தொடங்கினார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க இடமில்லாத நெருக்கம். அம்மம்மாவின் ஒரு கையில் அம்மாவும், மறு கையில் ஒரு துணிப் பையும். தையல் யந்திரத்தையும், சீதனமாக வந்த பித்தளைக் குடங்களையும் விட்டுவிட்டுத்தான் நடந்தார். சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு மாமரத்தின் கீழ் அவர்கள் தங்கியபோது, யாரோ கொடுத்த ஒரு பால்மாப் பேணிதான் அவர்களுக்குச் செம்பு, அதுவே கோப்பை, அதுவே அரிசி அளக்கும் கொத்து. 1996இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவுகள் இருக்கவில்லை. அந்நாள் தொடக்கம் அவர் ஒரு பேணியையும் எறிந்ததில்லை.

நான் படித்த பாடசாலையில், விளைவு பெருகியதால் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் கதையை வேதாகம வகுப்பிற் கேட்டிருக்கின்றேன். அம்மம்மாவின் பேணிகளைக் காணும்போதெல்லாம் அக்கதை என் நினைவுக்கு வரும். அந்த ஒப்புமை எவ்வளவு பிழையானது என்று அன்றிரவு தெரிந்தது. அவன் மிகுதியாக இருந்ததாற் சேர்த்தான். இவர் எல்லாம் போனதாற் சேர்த்தார். நம் ஊர்களில் வீடு நிறையச் சாமான் வைத்திருக்கும் முதியவரைக் கண்டு சிரிக்குமுன், அவர் எந்தப் பாலத்தைக் கடந்து வந்தவர் என்று கேட்பது நல்லது.

எனினும் சட்டிக்குள் குடம்பி இருந்ததும் உண்மை. ஆகவே அம்மம்மாவும் நானும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஓரிடம் மாத்திரம். ஒவ்வொரு பொருளையும் நான் அவர் கையிற் கொடுப்பேன். அவர் வாயாற் சொல்லாமல் ஒன்றும் படலையைத் தாண்டாது. நான்கு ஞாயிறு சென்றன. விரைவாகச் செய்திருந்தால் ஒரே நாளில் முடித்திருக்கலாம். ஆனால் பத்திரிகைக் கட்டு ஒன்றுக்குள்ளிருந்து பெரிய மாமாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வந்திராது. அது தொலைந்ததென்று புதிய பிரதி எடுக்க அவர் கச்சேரிக்கு எத்தனை முறை அலைந்தார் என்பதை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவர்.

பழைய இரும்பு வாங்குபவர் தகரங்களையும் வண்டியையும் நிறுத்து 3,800 ரூபா தந்தார். கண்ணாடிப் போத்தல்கள் தனியாகப் போயின. மிஞ்சிய பிளாஸ்டிக்கைச் சபையின் வண்டிக்குக் கொடுத்தோம். அயலார் சிலர் செய்வதுபோலக் கொளுத்தவில்லை. அந்தப் புகை குப்பையைவிடக் கேடானது. பேணிகளில் ஆறு மீதமாயின. கழுவித் துடைத்து, மூடியோடு, குசினித் தட்டில் வரிசையாக இருக்கின்றன. பயறும் குரக்கன் மாவும் அவற்றிலே.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி, கரண்டிக்கு 4 கிராம் என்றால், 60 கிராம். 2,000 கலோரி உண்பவருக்கு 50 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சீனியைக் குறைத்தாற் காசும் மிச்சம். முளைகட்டிய பயறும் வேலியில் நிற்கும் முருங்கையும் பற்றி உங்கள் அம்மாமார் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அந்த நான்கு ஞாயிறும் நான் குனிந்தேன், தூக்கினேன், சுமந்தேன், தேய்த்தேன். முதல் ஞாயிறு இரவு இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. நான்காம் ஞாயிறு மாலையில் மண்வெட்டியோடு வளவின் மூலைவரை போய்வந்தும் மூச்சு வாங்கவில்லை. பதினொரு நாளில் யந்திரத்திடம் நான் பெறாததை அம்மம்மாவின் கோடிப்பக்கத்திற் பெற்றேன்.

அப்பர் சுவாமிகளின் கையிலும் வீணை இருக்கவில்லை, வாள் இருக்கவில்லை. புல்லைச் செதுக்கும் உழவாரம் இருந்தது. சூலை நோய் வருத்த அவர் ஓடிவந்து நின்ற திருவதிகையில், அவர் தமக்கையார் திலகவதியார் ஏற்கெனவே திருவலகிட்டு மெழுகிக்கொண்டிருந்தார். திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடத்திற் பொன்னும் நவமணியும் கிடக்க, அவற்றைப் பருக்கைக் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்கின்றது பெரியபுராணம். எறிவதற்கு அவருக்கு உரிமை உண்டு. அவர் கையிலிருந்ததை அவர் எறிந்தார். பிறர் கையிலிருப்பதைப் பிடுங்கி எறிந்ததாக எங்கும் இல்லை. இதை அந்த முதல் மாலையில் நான் நினைத்திருக்கவேண்டும்.

கோயில் வீதியில் உழவாரப் பணி என்றால் நம் மன்றத்தில் முப்பது பேர் வருகின்றோம், படம் எடுக்கின்றோம், மலரிற் போடுகின்றோம். நல்லதே. ஆனால் இம்மண்டபத்தின் பின்னறையை அண்மையிற் பார்த்தவர் யார்? சென்ற வாரம் நான் பார்த்தேன். பழைய விழாக்களின் பதாகைகள், கால் இல்லாத வாங்குகள், விற்காத மலர்கள், ஒலிபெருக்கியின் உடைந்த வாய். கூரை ஒழுகும் மூலையில் ஒரு வாளி. வாளிக்குள் என்ன இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை. ஊற்றித் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கின்றேன்.

வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு அந்த அறையைத் திறக்கின்றோம். எதையும் எறியுமுன் மூத்த அங்கத்தவர்கள் இருவர் இருந்து பார்த்துச் சொல்ல இசைந்துள்ளார்கள். அறை வெறுமையானால் எட்டுப் பாய் விரிக்கலாம், அளந்துவிட்டேன். ஆண் பிள்ளைகள் தும்புத்தடி கொண்டு வரவும். திறப்புச் செயலாளரிடம் இருக்கின்றது.