பழைய மாணவரின் பேரேடு
(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு மலர் என்றால் அதன் கடைசிப் பக்கங்களிற் பழைய மாணவர் செய்தி சில இருக்கும். இன்னார் பரீட்சையில் தேறினார், இன்னாருக்கு விவாகம் நடந்தது, இன்னார் காலமானார் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கட்டுரைகளைப் படித்து முடித்தபின் நேரம் மிஞ்சினாற் பார்க்கலாம் என்றே நம்மிற் பலர் அவற்றை எண்ணுகிறோம். ஆனால் மலர் வீட்டுக்கு வந்ததும் அப்புவும் ஆச்சியும் முதலிற் திருப்புவது அந்தப் பக்கங்களைத்தான். அவர்கள் செய்வதே சரி என்பதை எடுத்துச் சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன்.

நம் குடாநாட்டிலேயே நடந்த ஒரு சரித்திரத்தை முதலிற் பார்ப்போம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் ஐயர் அதன் முதல் தலைவர். பிள்ளைகள் அங்கேயே தங்கி உண்டு படித்தார்கள். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வான சாஸ்திரமும் அங்கே கற்பிக்கப்பட்டன. அக்காலத்தில் இந்நாட்டில் அதற்கு ஈடான கல்விச்சாலைகள் மிகச் சிலவே. ஆயினும் அந்தக் கலாசாலை நின்று நிலவிய காலம் 32 ஆண்டுகளே. 1855இல் அது மூடப்பட்டது.

ஏன் மூடப்பட்டது? பிள்ளைகள் சேரவில்லை என்பதாலா? படிப்புத் தாழ்ந்தது என்பதாலா? இரண்டுமல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு ஒன்று பழைய மாணவரைக் கணக்கெடுத்துப் பார்த்தது. அவர்களிற் கிறிஸ்து சபையில் நிலைத்தவர் எத்தனை பேர், ஊழியத்துக்கு வந்தவர் எத்தனை பேர் என்பதே அக்குழுவின் கேள்வி. ஆங்கிலம் படித்தவர்களிற் பெருந்தொகையினர் நல்ல சம்பளம் நாடி இலங்கையிலும் இந்தியாவிலும் அரசாங்க உத்தியோகத்துக்குப் போயிருந்தார்கள். மிஷனின் பேரேட்டில் அது நட்டமாகவே எழுதப்பட்டது. தங்கள் நோக்கத்துக்கு உதவாத செலவை நிறுத்தினார்கள். பணம் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்பது நியாயமே. அதற்காக அவர்களைக் குறை கூறவேண்டுவதில்லை.

ஆனால் அதே மாணவரை வேறொரு பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் இந்தச் செமினரியிற் படித்தவர்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும் அங்கே கற்றவரே. மேல்நாட்டுத் தர்க்க சாஸ்திரத்தைத் தமிழிலே விளக்கி நியாய இலக்கணம் என்னும் நூலை 1850இல் வெளியிட்டார். அவருடைய மகன் நெவின்ஸ் செல்வத்துரை பிற்காலத்தில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் இருவர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையிற் படித்தவர்கள்.

தாமோதரம்பிள்ளை அவர்களைப் பற்றிச் சற்று நின்று சிந்திக்கவேண்டும். 1832இற் சிறுப்பிட்டியிற் பிறந்த அவர் சென்னை அரசாங்கத்தின் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்தார். தூதுக்குழு எதை நட்டம் என்று எழுதியதோ அந்த அரசாங்க உத்தியோகந்தான். அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டே ஏடு தேடினார். தொட்டால் ஒடியும் ஓலைகளையும் பூச்சியரித்த சுவடிகளையும் சேர்த்து ஒப்புநோக்கினார். 1881இல் வீரசோழியமும், 1883இல் இறையனார் அகப்பொருளும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இற் கலித்தொகையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. இதை எந்தப் பேரேட்டில் நட்டமாக எழுத முடியும்?

சபையோரே, இரண்டு பேரேட்டிலும் ஆட்கள் ஒருவரே. எண்ணியவரின் நோக்கம் மாறியது, பலனும் மாறியது. பிறர் தம் தேவைக்காக எடுத்த கணக்கு அந்தக் கலாசாலையை மூடியது. பழைய மாணவரோ தம் கலாசாலையை மறக்கவில்லை. அவர்களும் ஊரவரும் சேர்ந்து முயன்றதன் பயனாக 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

இந்தச் செமினரியின் மாணவர் இன்னொருவரையும் இங்கே சொல்லவேண்டும். அவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. புலவர்களைப் பற்றிய செய்திகளைத் தேடித் திரட்டி, 1886இற் பாவலர் சரித்திர தீபகம் என்ற நூலை அச்சேற்றினார். அவருக்கு முன், 1859இல், சைமன் காசிச்செட்டி அவர்கள் தமிழ்ப் புலவர் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். சதாசிவம்பிள்ளை தமிழில், இன்னும் விரிவாக, நானூறளவான பேரைப் பற்றி எழுதினார். ஊர் எது, காலம் எது, இயற்றிய நூல் எது என்று ஒவ்வொருவருக்கும் கேட்டு எழுதினார். யாழ்ப்பாணத்துப் புலவர் பலரைப் பற்றி நாம் இன்று பேசுவதற்கு அவர் தேடி வைத்த செய்திகளே ஆதாரம். ஒரு மனிதர் கேட்டு எழுதினார், அதனாற் பலர் மறதிக்குத் தப்பினார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். வல்வெட்டித்துறையிற் சிதம்பராக் கல்லூரி இருக்கிறது. வேறு பாடசாலைகளும் இருக்கின்றன. அவற்றிற் படித்தவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பேரேடு எது? உண்மையைச் சொன்னால், நம்மிடமும் தூதுக்குழுவின் பழக்கம் ஒன்று இருக்கிறது. வைத்தியர் எத்தனை பேர், எஞ்சினியர் எத்தனை பேர், அப்புக்காத்து எத்தனை பேர் என்று எண்ணுகிறோம். மேடையில் அவர்கள் பெயரைச் சொல்லி மகிழ்கிறோம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கப்பலேறியவனை, கடை வைத்தவனை, தம்பிமாரைப் படிப்பிப்பதற்காகத் தன் படிப்பை விட்டவனை எந்தப் பக்கத்தில் எழுதினோம்?

இந்த ஊரின் புகழைப் பரீட்சைப் பெறுபேறு மாத்திரம் தந்ததா என்று பாருங்கள். இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் மற்றும் நால்வருமாக நம்மூர்க் கடலோடிகள் ஐவர் அதிற் சென்றார்கள். 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் தேதி அக்கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்நாட்டுப் பத்திரிகைகள் அதைப் படத்துடன் எழுதின. அந்த ஐவரும் எத்தனையாம் வகுப்பு வரை படித்தார்கள் என்று இன்று ஒருவரும் கேட்பதில்லை. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி இந்தக் கரையிலிருந்து கோடிக்கரைக்குப் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், அங்கிருந்து திரும்பியும் நீந்தி வந்தார். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர் நீத்தார். இவர்களை நாம் மறவாதிருப்பது யாரோ அன்றே எழுதி வைத்ததனால் அன்றோ?

எழுதி வைக்காதவை என்ன ஆயின? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சற்றேறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 1985 மே மாதத்திலும் 1989 ஓகஸ்ட் மாதத்திலும் நம்மூரில் நடந்தவற்றை இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லவேண்டுவதில்லை. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. ஒரு வீடு எரியும்போது பெட்டியில் இருந்த நற்சான்றிதழும், வகுப்புப் படமும், பழைய மலரும் அதனோடு போகின்றன. மிஞ்சியவர்கள் லண்டனுக்கும் கனடாவுக்கும் ஒஸ்ரேலியாவுக்கும் தமிழகத்துக்குமாகச் சிதறினார்கள். ஒரு வகுப்பில் அருகருகே இருந்த இருவருள் ஒருவர் உயிரோடிருக்கிறாரா என்பது மற்றவருக்குத் தெரியாது.

ஆயினும் பற்று விட்டுப்போகவில்லை. பிரித்தானியாவில் உள்ள சிதம்பரா நலன்விரும்பிகள் அக்கல்லூரியின் பெயராற் கணிதப் போட்டி நடத்தி வந்திருக்கிறார்கள். கல்லூரியின் வாசலைக் கண்டிராத பிள்ளைகளும் அதன் பெயரை உச்சரித்துக் கணக்குச் செய்கிறார்கள். பெயர் கடல் கடந்துவிட்டது. பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரையும் அந்தப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது நம் கடமை.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். ஆளுக்கொரு கொப்பி வாங்குங்கள். குறிச்சி குறிச்சியாகப் போங்கள். எழுபது வயதைக் கடந்தவர்களிடம் முதலிற் போங்கள். நாளை போகலாம் என்று தள்ளி வைக்காதீர்கள்.

என்ன எழுதுவது? முதலாவது, ஒவ்வொருவருக்கும் வழங்கிய எல்லாப் பெயரையும் எழுதுங்கள். வட்டுக்கோட்டையிற் படித்தவர்களுக்குப் பணம் உதவிய அமெரிக்கரின் பெயரைச் சூட்டினார்கள். ஆர்னல்ட் என்று இடாப்பில் இருப்பவரே சதாசிவம்பிள்ளை என்று தெரியாவிட்டால் இருவராக எண்ணிவிடுவோம். நம்மூரிலும் இடாப்பிற் பெயர் ஒன்று, வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, பட்டப்பெயர் ஒன்று, வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் முன்பின்னாக மாறிய பெயர் இன்னொன்று. பெண்பிள்ளைகளுக்கோ விவாகத்தின் பின் தலையெழுத்தே மாறிவிடுகிறது. அதனாலேயே படித்த பெண்களிற் பாதிப்பேர் நம் பட்டியல்களில் அகப்படுவதில்லை. அவர்களைத் தேடி எழுதுங்கள்.

இரண்டாவது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை படித்தார், படிப்பித்தவர் யார், அருகில் இருந்து படித்தவர் யார் என்று கேளுங்கள். ஒருவரின் விடையில் நாலு பேருடைய பெயர் வரும். அந்த நால்வரிடம் போனாற் பதினாறு பேர் வருவார்கள்.

மூன்றாவது, பின்னர் என்ன செய்தார் என்பதை உள்ளபடி எழுதுங்கள். தண்டையலாக இருந்தவரைத் தண்டையல் என்றே எழுதுங்கள். தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவளை அப்படியே எழுதுங்கள். கடலிற் போய் மீளாதவர், கொல்லப்பட்டவர், காணாமற்போனவர் பெயரையும் அஞ்சாமல், நாளோடும் ஆண்டோடும் எழுதுங்கள். அவர்களுக்கு வேறு கல்லறை இல்லாமலிருக்கலாம். அந்த ஒரு வரியே அவர்களுக்கு நடுகல்லாகும்.

நான்காவது, புகழ்மாலை வேண்டாம். நற்குண சீலர், பரோபகாரி என்று எல்லாருக்கும் ஒரே சொற்களை எழுதினால் ஒருவரையும் அடையாளங் காணமுடியாது. அவர் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். வெயிலிற் பிந்தி வந்த சிறுவனுக்குத் தண்ணீர் கொடுத்த உபாத்தியாயர் என்று எழுதினாற் போதும், ஆள் கண்முன் வந்துவிடுவார்.

எழுதியதை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். நாம் பட்ட அனுபவம் போதும். ஒரு பிரதி கல்லூரியில் இருக்கட்டும். ஒரு பிரதி வெளிநாட்டில் உள்ள பழைய மாணவரிடம் இருக்கட்டும். இன்னொன்றை நூலகம் என்னும் பெயரால் 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றிவருகிறவர்களிடம் கொடுங்கள். ஓரிடத்துக்கு வரும் தீ மற்ற இரண்டையும் தொடாது.

பேரேடு எழுதுவதாற் சோறு வருமா என்று சிலர் கேட்பார்கள். வராது. ஆனால் தூர தேசத்திற் பிறந்த ஒரு பிள்ளை நாளைக்கு வந்து, என் அப்பப்பா இங்கேதான் படித்தாராம், அவரைப் பற்றி ஏதேனும் தெரியுமா என்று கேட்கும். அப்பொழுது வெறுங்கையை விரிக்கப் போகிறோமா, ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டப் போகிறோமா? அதை நிர்ணயிக்கும் வயது உங்களுடையது. கேட்கத் தக்க பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிற் பலர் இச்சபையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு விரையாமல் அவர்களில் ஒருவர் அருகே போய் அமருங்கள். முதற் பெயரை இன்றிரவே எழுதுங்கள்.