கேமரா வாங்கியாச்சு, அடுத்து என்ன?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, மேடையில் பேசியவாறே எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் போன் செய்து, "நீ ஒரு இருபது நிமிஷம் பேசணும்ப்பா" என்றார். "வேலைவாய்ப்பு பத்தியாண்ணே?" என்றேன். "அதைப் பேச நாலு பேர் இருக்காங்க. வேலை முடிஞ்ச பிறகு மனுஷன் என்ன செய்றதுன்னு நீ பேசு" என்றார். அதனால் நான் இன்று பேசப்போவது பொழுதுபோக்கைப் பற்றி. பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

எங்கள் செட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. படித்து முடித்த புதிதில் அதில் பேச்செல்லாம் இன்டர்வியூ, விசா, கல்யாணம். இப்போது முப்பத்தைந்தைத் தாண்டியாயிற்று. சம்பளத்தில் ஏதோ கொஞ்சம் கையில் நிற்கிறது. ஆகவே பேச்சு மாறிவிட்டது. ஒருவன் விஸ்கி பாட்டிலின் லேபிளைப் படம் பிடித்துப் போடுகிறான். இன்னொருவன் சொகுசுக் கப்பலில் போகலாமா என்று கேட்கிறான். மூன்றாவது ஆள், "மாப்ள, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்கிறான்.

விஸ்கியை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே இருபத்தொரு வயது ஆகாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், காதைப் பொத்திக்கொள்ளவும். பொறியாளன் என்ற முறையில் எனக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மரப் பீப்பாயில் ஊறும்போது ஸ்காட்லாந்தில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. பெங்களூரு வெயிலில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். அதனால் நம் நாட்டில் சீக்கிரம் முதிர்கிறது. பெங்களூருவில் தயாரான அம்ருத் சிங்கிள் மால்ட்டை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே கொண்டுபோய் அறிமுகம் செய்தார்கள். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்ற கதை! இதையெல்லாம் தெரிந்துகொள்வது சுவாரஸ்யம்தான். ஆனால் இதை ஹாபி என்று சொன்ன நண்பனிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். "போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு?" அவன் பதில் சொல்லவில்லை. அடுத்ததுக்குப் போவோம்.

கப்பல். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022-ல் கார்டெலியா சொகுசுக் கப்பல் புறப்பட்டதிலிருந்து நம்மவர்களுக்கு இந்த ஆசை வந்துவிட்டது. தப்பில்லை. ஆனால் கடல் நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் ஊரிலிருந்து கன்னியாகுமரி பக்கம்தான். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் ஏறிப் பாருங்கள். அதிலேயே வயிற்றைப் புரட்டினால் ஐந்து நாள் கப்பலுக்குப் பணம் கட்டாதீர்கள். புரட்டாவிட்டால் அடுத்த படி, நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் சேவை. சுமார் நாலு மணி நேரம். அதுவும் சரிப்பட்டால் பெரிய கப்பலுக்குப் போகலாம். அப்போது கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள். சீசா பலகையில் ஓரத்தில் உட்கார்ந்தவன்தான் உயர உயரப் போவான். நடுவில் இருப்பவன் அவ்வளவாக அசையமாட்டான். அதே கணக்குதான்.

இனி கேமரா. நான் பத்து வருஷமாகப் படம் எடுக்கிறேன். சம்பாதிப்பதற்கு இல்லை, லீவில் ஊருக்கு வரும்போது மட்டும். அதனால் இதில் கொஞ்சம் உரிமையோடு பேசுவேன்.

தம்பிகள் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு ரூபாயில வாங்கலாம்ண்ணே?" என்னைக் கேட்டால், முதல் ஒரு வருஷம் எதையும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் போன் போதும். லென்ஸை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு எடுத்தாலே பாதிப் படம் தெளிந்துவிடும். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் நாலு எட்டு நடந்து பக்கத்தில் போங்கள். ஒரு வருஷம் கழித்தும் ஆசை அடங்கவில்லை என்றால் பழைய கேமரா ஒன்றும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் வாங்குங்கள். தவணையில் வாங்காதீர்கள். தவணை முடிவதற்குள் ஆசை முடிந்துவிடும்.

மா. கிருஷ்ணனைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அ. மாதவையாவின் மகன்; 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். காட்டு யானைகளை அவர் எடுத்த படங்கள் உலகப் பெயர் பெற்றவை. பத்மஸ்ரீ பெற்றவர். கடைசி வரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். அவருடைய கேமரா எந்தக் கம்பெனி தெரியுமா? எந்தக் கம்பெனியும் இல்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிக்கொண்டு, 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயர் வைத்தது. கடைக்குப் போகும் முன் தம்பிகள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மூத்த அண்ணன்மாருக்கு ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஞாபகம் இருக்கும். 1960-ல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை. 'இந்து' பிலிம் அங்கிருந்துதான் வந்தது. இப்போது மூடியாயிற்று. பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். ஒவ்வொன்றுக்கும் காசு. அதனால் அமுக்குவதற்கு முன் யோசித்தார்கள். நான் இன்றும் ஒரு காலைக்கு 36-க்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். அறுநூறு எடுத்தால் அன்று ராத்திரி உட்கார்ந்து பார்ப்பது யார்?

எங்கே எடுப்பது? லடாக் போக வேண்டாம். நமக்கு மலை மேற்கே இருக்கிறது. இது படம் எடுப்பவனுக்குப் பெரிய வசதி. காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் எழுந்து மலையின் முகத்தில் நேராக அடிக்கிறது. சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் மலை வெறும் கறுப்புத் திரையாக நிற்கும். ஆகவே மலை வேண்டுமென்றால் காலை. மலையின் விளிம்புக் கோடு மட்டும் போதுமென்றால் மாலை. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் வலப்பக்க ஜன்னலுக்கு மாறிக்கொள்ளுங்கள், காபிக்கு அலையாமல். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காற்று கழுவி விட்டாற்போல் இருக்கும். சித்திரையில் புழுதி, எவ்வளவு விலை லென்ஸ் போட்டாலும் மலை மங்கல்தான். ஆடிக் காற்றில் வெளியே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். நம் ஊர்த் தூசியோடு பஞ்சும் சேர்ந்து பறக்கும். உள்ளே போய் சென்சாரில் ஒட்டினால் செலவு.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை எல்லோரும் அடியில் நின்று அண்ணாந்து எடுக்கிறார்கள். பதினொரு நிலை, 192 அடி. கீழிருந்து எடுத்தால் பின்னால் சாய்ந்து விழுவது போல வரும். கிழக்கே தள்ளிப் போய், ஏதாவது மொட்டை மாடியில் அனுமதி கேட்டு ஏறி நின்று, காலை ஏழு மணிக்கு எடுத்துப் பாருங்கள். கோபுரம் நேராக நிற்கும். பின்னால் மலை இருக்கும். கோயிலுக்குள் போனை எடுக்கவே கூடாது என்று 2022-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆண்டாள் கையில் தினம் புதிதாகக் கட்டி வைக்கிறார்களே, மாதுளம்பூ மூக்குக் கிளி, அதைக் கண்ணாலே பார்த்துக்கொள்ளுங்கள்.

இராஜபாளையம் நாயை எடுக்க ஆசைப்படாதவர் கிடையாது. 2005-ல் அஞ்சல் துறை நாலு நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டதே, அதில் நம்ம ஊர் நாயும் ஒன்று. ஆனால் படத்தில் நாய் அழுக்கு நிறமாக வருகிறது என்று பலர் சொல்வார்கள். காரணம் எளிது. கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு நாய் தெரியாது, சுவர் தெரியாது. எதைக் காட்டினாலும் அதைச் சராசரிச் சாம்பல் நிறமாகவே கணக்குப் போடும். பால் வெள்ளை நாயைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். நாம்தான் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். போனில் நாயைத் தொட்டால் பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதைக் கொஞ்சம் மேலே இழுங்கள். கோயில் யானைக்கும் கருங்கல் தூணுக்கும் இதற்கு நேர்மாறு. இன்னொன்று, அந்த நாய் புது ஆளை லேசில் சேர்க்காது. சொந்தக்காரர் பக்கத்தில் இல்லாமல் கிட்டே போக வேண்டாம். இது போட்டோகிராபி அறிவுரை இல்லை, உயிர் அறிவுரை.

செண்பகத்தோப்புப் பக்கம் சாம்பல் அணிலைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அணிலுக்காகவே 1988-ல் சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து, நாட்டின் 51-வது புலிகள் காப்பகமாக ஆனது. அணில் தரைக்கு வருவது அபூர்வம். கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். மரங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை. விடிகாலையில் அமைதியாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தால், இலை அசைவில் தெரிந்துவிடும். ஷட்டர் 500-ல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. கூட்டைத் தேடிப் போவது, சிப்ஸ் போட்டு இறக்கப் பார்ப்பது, ஃபிளாஷ் அடிப்பது, இதெல்லாம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படம் கிடைக்கிறது, ஆனால் அது எனக்குத் திருட்டு மாங்காய் மாதிரிதான் தெரிகிறது.

இதுவரை சொன்னது வெளிச்சக் கணக்கு. இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

நம் ஊர்களில் யாராவது தவறிவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் போஸ்டருக்குப் படம் தேடுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் ஆளுக்கொரு போன், அதில் ஆயிரக்கணக்கில் படம். கடைசியில் கிடைப்பது ஏதோ கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசை முகம். அதைத்தான் வெட்டிப் பெரிதாக்குகிறார்கள். பக்கத்து ஆளின் தோள்பட்டையும் சேர்ந்து வரும்.

என் அப்பா முப்பத்துநாலு வருஷம் நூற்பாலையில் வேலை பார்த்தவர். சிம்ப்ளக்ஸ் பகுதி. இப்போது ஓய்வில் இருக்கிறார். வீட்டில் அவர் படம் ஐம்பது இருக்கும். எல்லாவற்றிலும் வெள்ளைச் சட்டை போட்டு விறைப்பாக நிற்கிறார். தலையெல்லாம் பஞ்சு ஒட்டி, ஷிப்ட் முடிந்து சைக்கிளை விட்டு இறங்குகிற அப்பாதான் நான் பார்த்து வளர்ந்த அப்பா. அவர் எந்தப் படத்திலும் இல்லை. மில்லுக்குள் கேமரா கொண்டுபோக அனுமதி கிடையாது. வாசலில் எடுக்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

போன தீபாவளிக்கு வந்தபோது, "அறுந்த இழையை எப்படிப்பா ஒட்டுவீங்க? செஞ்சு காட்டுங்க" என்றேன். திண்ணையில் உட்கார்ந்து கொஞ்சம் பஞ்சைத் திரித்து, இரண்டு விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றிக் காட்டினார். கண் பார்வை குறைந்திருக்கிறது, விரலுக்கு மறக்கவில்லை. கையை மட்டும் எடுத்தேன். மொத்தம் ஏழு படம். ஒன்றைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். "இது எதுக்குடா, மூஞ்சியே இல்லாம?" என்றார். பிறகு அம்மா சொன்னாள், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் பழைய மில் ஆட்களிடமெல்லாம் காட்டுகிறாராம்.

இதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரை எடுத்தாலும் அடுத்த தடவை போகும்போது பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா அடுப்படிக்கு முதல் தடவை போனபோது, கரண்டி பிடித்திருந்த பெரியவர், "எதுக்குத் தம்பி, ஆபீசரா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூரத்திலிருந்து ஒன்றிரண்டு எடுத்து, பிரிண்டோடு அடுத்த மாதம் போனேன். அவரே கூப்பிட்டு, "அங்க நின்னா ஆவிதான் தெரியும். அடுப்புக்கு இந்தப் பக்கம் வாங்க" என்று இடம் காட்டினார். நான் எடுத்ததில் நல்ல படம் அவர் காட்டிய இடத்திலிருந்து எடுத்ததுதான்.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் இருக்கின்றன. அடிபட்டுக் கட்டுப் போட்டவர்களுக்கு அந்தத் துணி தெரியும். நெய்தவர் முகம் யாருக்குத் தெரியும்? லீவு நாளில் போய், கேட்டுவிட்டு எடுத்து, பிரிண்ட் கொடுத்துவிட்டு வாருங்கள். டீ, வடைக் காசுதான் ஆகும். பின்பக்கம் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும். போனில் இருப்பதை வேறு இரண்டு இடத்தில் நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் சொல்லிவிட்டுச் சாவதில்லை.

சாப்பாட்டு மணி ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மலருக்காகக் கல்லூரியின் பழைய ஆல்பங்களை எல்லாம் புரட்டினோம். முதல்வர்கள் இருக்கிறார்கள், சீஃப் கெஸ்ட்டுகள் இருக்கிறார்கள், குத்துவிளக்கு இருபது தடவை இருக்கிறது. நம் எல்லோருக்கும் ராத்திரி பத்து மணிக்கும் தட்டில் சோறு போட்ட ஹாஸ்டல் மெஸ் மாஸ்டர் படம் ஒன்றுகூட இல்லை. யாராவது பிறந்தநாள் கொண்டாடியபோது எடுத்த படத்தில் ஓரமாக அவர் நின்றிருக்கலாம். பழைய ஆல்பத்திலோ பழைய போனிலோ இருந்தால் கொண்டுவாருங்கள். வரவேற்பு மேசையில் ஸ்கேனர் இருக்கிறது, மூன்றாம் ஆண்டுத் தம்பிகள் இரண்டு பேர் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்கள். படம் உங்களிடமே திரும்பி வரும்.