எந்தக் கப்பலுக்குக் கப்பித்தான்?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் முன்பு பிட் ஸ்திரீட் என்று அழைக்கப்பட்ட சாலை, இன்று மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங் சாலை. அந்தக் கப்பித்தான் எந்தக் கப்பலை ஓட்டினார் என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. தமிழ்க் காதில் 'கப்பித்தான்' என்றால் 'கப்பல்' என்றுதானே விழும்!

கப்பலுக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை. லத்தீனில் 'கபுத்' என்றால் தலை. அதிலிருந்து பிற்கால லத்தீனில் பிறந்த பட்டம்தான் போர்த்துகீசியம் வழியாகக் கப்பித்தான் ஆனது. தலையிலிருந்து நாம் 'தலைவன்' என்று சொல்லவில்லையா, அதே கதைதான். பழைய ரோமானியப் படையிலோ எண்ணிக்கையை வைத்தும் பட்டம் கொடுத்தார்கள். 'செந்தும்' என்றால் நூறு. நூற்றுவர் தலைவன் செஞ்சூரியன். ஆனால் அவன் கீழ் இருந்தவர்கள் பெரும்பாலும் 80 பேர்தான்! பட்டத்தை எண்ணிப் பார்க்கக் கூடாது போலும்.

போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தபின் இந்தச் சொல் இங்கே வேரூன்றியது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு தலைவரை வைத்து ஆள்வது வெள்ளையருக்கு வசதி, செலவும் குறைவு. பினாங்கில் சீனர்களுக்குக் கோ லே ஹுவான் கப்பித்தான் ஆனார். தென்னிந்தியர்களுக்கு, தமிழ் முஸ்லிம் வணிகரான காதர் மொகிதீன். சிறு வழக்குகளைத் தீர்ப்பதும் சமூகத்தைக் கட்டிக்காப்பதும் கப்பித்தான்களின் வேலை. பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் வழங்கியது 1801இல். பிறகு 1807ஆம் ஆண்டு சாசனத்தால் முறையான நீதிமன்றம் வந்தது. கப்பித்தான்களின் நீதி அதிகாரம் தேய்ந்தது.

சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது. கைதிகளின் கால் சங்கிலி 'கிளிங் கிளிங்' என்று ஒலித்ததால் அந்தப் பெயர் வந்ததாக இன்றும் சொல்கிறார்கள். அது பொருந்தாது. ஆங்கிலேயர் 1786இல் பினாங்கில் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே 'செஜாரா மெலாயு' தென்னிந்தியாவைக் கெலிங் நாடு என்கிறது, அதில் இழிவில்லை. கலிங்கத்தின் பெயரே அப்படித் திரிந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. நம்மவரைச் சுட்டும் வசையாக அது மாறியது பின்னாளில்தான்.

ஆகவேதான் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால் கேலி செய்யப்பட்ட பிள்ளைக்குச் சாலைப் பலகை உறுத்துகிறது. சங்கிலிக் கதையைச் சொல்லி அனுப்பினால் உறுத்தல் கூடும். காதர் மொகிதீன் யார் என்று சொல்லிவிட்டு, அதே பிள்ளையைப் பள்ளிவாசல் வாசல்வரை ஒருமுறை அழைத்துப் போகலாம்.